மழை நின்றபின் எத்தனை ஓட்டம்?

காரைக்காலுக்கு மேற்கே, திருநள்ளாற்றுக்குப் போகும் வழியில் தருமபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. (மயிலாடுதுறையில் ஆதீன மடம் இருக்கும் தருமபுரம் வேறு. இது, சம்பந்தரின் பாட்டு யாழ் நரம்புக்குள் அடங்காமல் போன கதை வழங்கும் ஊர்.) அங்கே ஒரு திடலில், ஐப்பசி மாதத்து மாலையில், உங்களைப் போன்ற மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணிக்கு 12 ஓவர். முதல் அணி 72 ஓட்டங்கள் எடுத்துவிட்டது. இரண்டாவது அணி 6 ஓவரில் ஒரு விக்கெட் இழந்து 30 ஓட்டங்கள் எடுத்திருக்கும்போது கடற்பக்கமிருந்து மழை வந்துவிட்டது. அரைமணி நேரம் கழித்து மழை நின்றது. ஆனால் வெளிச்சம் மங்குவதற்குள் இன்னும் 3 ஓவர்தான் போட முடியும்.

இப்போது இரண்டாவது அணி வெற்றி பெற எத்தனை ஓட்டம் எடுக்க வேண்டும்?

"ஓவருக்கு 6 ஓட்டம். 9 ஓவருக்கு 54. ஆகவே 55 எடுத்தால் வெற்றி" என்பான் ஒருவன். "அது எப்படி? உங்களிடம் இன்னும் ஒன்பது விக்கெட் இருக்கிறது. மூன்றே ஓவர் என்றால் அவுட்டாவதைப் பற்றிக் கவலைப்படாமல் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பீர்கள். எங்களுக்கு அந்த வசதி இருந்ததா?" என்பான் எதிரணிக்காரன். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் காவிரிக் கடைமடையில் இந்தச் சண்டை நடக்காத திடல் இருந்தால்தான் வியப்பு!

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நியாயத்தை எண்ணாக மாற்றுவது எப்படி? அதையே வேலையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுப் புள்ளியியலாளர் என்று அவர்களைச் சொல்லலாம். அவர்கள் மட்டையைத் தொடுவதில்லை, பந்து வீசுவதில்லை. எனினும் சில ஆட்டங்களின் முடிவு அவர்களுடைய பென்சில் முனையில் இருந்திருக்கிறது.

1992 மார்ச் 22. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம். நிறவெறிக் கொள்கையின் காரணமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தென் ஆப்பிரிக்கா, அந்த ஆண்டுதான் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது. இங்கிலாந்து 45 ஓவரில் 252 ஓட்டங்கள் எடுத்தது. தென் ஆப்பிரிக்கா நன்றாகத் துரத்திக்கொண்டு வந்தது. இன்னும் 13 பந்துகள், 22 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் மழை! சுமார் பன்னிரண்டு நிமிடங்கள்தான் பெய்தது. ஆனால் இரண்டு ஓவர்கள் போய்விட்டன. ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தபோது தேவைப்பட்டது ஒரே பந்தில் 21 ஓட்டங்கள். (மைதானத்துப் பலகை 22 என்று தவறாகக் காட்டியது. ஒரு பந்தில் எடுக்க முடியாத எண் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான்.)

ஏன் இப்படி ஆயிற்று? யாரும் ஏமாற்றவில்லை. விதி அப்படி இருந்தது. அதற்கு முன்பெல்லாம் தருமபுரத்துப் பையன் சொன்ன சராசரிக் கணக்குத்தான் வழக்கத்தில் இருந்தது. அது இரண்டாவதாக ஆடும் அணிக்கு மிகவும் சாதகமானது. அதைச் சரிசெய்ய வேறொரு விதி கொண்டுவந்தார்கள். இரண்டாவது அணி எத்தனை ஓவரை இழக்கிறதோ, முதல் அணி மிகக் குறைவாக ஓட்டம் எடுத்த அத்தனை ஓவர்களைத் தள்ளிவிட்டு மீதியைக் கூட்ட வேண்டும். இங்கிலாந்து மிகக் குறைவாக எடுத்த இரண்டு ஓவர்களில் மொத்தமே ஒரு ஓட்டம்தான் வந்திருந்தது. ஆகவே தென் ஆப்பிரிக்கா 12 பந்துகளை இழந்தது. இலக்கில் குறைந்ததோ ஒரே ஒரு ஓட்டம். அந்த ஓவர்களை அவ்வளவு சிக்கனமாக வீசியது தென் ஆப்பிரிக்க அணிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். நன்றாகப் பந்து வீசியதற்குத் தண்டனை! தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

அந்த ஆட்டத்தால் மனம் நொந்தவர்களில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிராங்க் டக்வொர்த் ஒருவர். இவர் 1939-இல் பிறந்தவர். இயற்பியலும் உலோகவியலும் படித்து, அணுமின் துறையில் பணியாற்றியவர். புள்ளியியலில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். இதைவிட நல்ல முறை ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதே 1992-இல், ஷெபீல்டு நகரில் நடந்த அரசப் புள்ளியியல் கழக மாநாட்டில் தம் எண்ணத்தை ஒரு சிறு கட்டுரையாகப் படித்தார். கணிதமும் புள்ளியியலும் கற்பித்துவந்த டோனி லூயிஸ் என்ற விரிவுரையாளர் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் உருவாக்கிய முறை 1997 ஜனவரி 1 அன்று ஹராரேயில் ஜிம்பாப்வேயும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. பின்னர் உலகமெங்கும் பரவியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நீங்கள் கேட்கும் 'டக்வொர்த் லூயிஸ்' ஒருவர் பெயரன்று, இருவர் பெயர் என்பது இப்போது விளங்குகிறதா?

அவர்கள் கண்ட உண்மை என்ன? துரத்தும் அணியின் கையில் இருப்பது ஓவர்கள் மட்டுமன்று, விக்கெட்டுகளும்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அதன் கைமுதலை அளக்க வேண்டும்.

வயலுக்கு உரம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மூட்டைக்கு விளைச்சல் நன்றாக உயரும். இரண்டாவது மூட்டைக்கு அதைவிடக் குறைவாக உயரும். பத்தாவது மூட்டைக்கு ஏதும் உயராது. ஓவர்களும் அப்படியே. ஓர் அணிக்கு 50 ஓவருக்குப் பதிலாக 500 ஓவர் கொடுத்தால் பத்து மடங்கு ஓட்டம் எடுக்குமா? எடுக்காது. அதற்குள் பத்துப் பேரும் அவுட்டாகிவிடுவார்கள். ஆகவே ஓவர்கள் கூடக்கூட ஓட்டங்கள் ஏறி, பிறகு ஏற்றம் தணிந்து, ஒரு மட்டத்தில் படுத்துவிடும் வளைகோடு கிடைக்கிறது. கணிதத்தில் இதை அடுக்குக்குறி வளைகோடு என்பார்கள். விக்கெட்டுகள் குறையக் குறைய அந்தக் கோடு இன்னும் தாழ்வாக, இன்னும் விரைவாகப் படுத்துவிடும். நடந்து முடிந்த ஏராளமான ஆட்டங்களின் கணக்கைப் பார்த்து, ஒவ்வொரு விக்கெட் நிலைக்கும் இப்படி ஒரு கோடு வரைந்தார்கள். 50 ஓவரும் பத்து விக்கெட்டும் முழுதாக இருப்பதை 100 என்று வைத்துக்கொண்டு ஓர் அட்டவணை தயாரித்தார்கள். அதன் ஒரு பகுதி இதோ:

| மீதமுள்ள ஓவர் | விக்கெட் இழப்பு 0 | இழப்பு 2 | இழப்பு 5 | இழப்பு 7 |
|---|---|---|---|---|
| 50 | 100.0 | 85.1 | 49.0 | 22.0 |
| 40 | 89.3 | 77.8 | 47.6 | 22.0 |
| 30 | 75.1 | 67.3 | 44.7 | 21.8 |
| 20 | 56.6 | 52.4 | 38.6 | 21.2 |
| 10 | 32.1 | 30.8 | 26.1 | 17.9 |

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஏழு விக்கெட் போன அணிக்கு 50 ஓவர் மீதமிருந்தாலும் 40 ஓவர் மீதமிருந்தாலும் கைமுதல் ஒன்றுதான்: 22.0. அந்தப் பத்து ஓவரை ஆடி முடிக்க ஆள் இருந்தால்தானே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? முதல் அணி 50 ஓவரில் 250 ஓட்டங்கள் எடுத்திருக்கிறது. இடைவேளையில் மழை பெய்து, இரண்டாவது அணிக்கு 30 ஓவர்தான் என்று அறிவிக்கிறார்கள். சராசரிக் கணக்கில் 150. ஆகவே இலக்கு 151. ஆனால் அட்டவணையில் 30 ஓவரும் பத்து விக்கெட்டும் சேர்ந்த கைமுதல் 75.1 விழுக்காடு. 250-இல் 75.1 விழுக்காடு 187.75. ஆகவே இலக்கு 188. எவ்வளவு வேறுபாடு! பத்து விக்கெட்டையும் 30 ஓவரில் செலவழிக்கலாம் என்ற சலுகைக்கு விலை 37 ஓட்டங்கள்.

இப்போது மழை நடுவில் வரட்டும். இரண்டாவது அணி 20 ஓவர் ஆடி 2 விக்கெட் இழந்திருக்கிறது. மீதி 30 ஓவர், கைமுதல் 67.3. மழையால் 20 ஓவர் போய், 10 ஓவர்தான் மீதி என்றால் கைமுதல் 30.8. இழந்தது 36.5. நூறிலிருந்து அதைக் கழித்தால் 63.5. 250-இல் அது 158.75. இலக்கு 159.

அதே மழை, அதே 20 ஓவர் இழப்பு. ஆனால் அந்த அணி 7 விக்கெட் இழந்திருந்தால்? 21.8-இலிருந்து 17.9 போனால் இழப்பு வெறும் 3.9. மீதி 96.1 விழுக்காடு. இலக்கு 241! தோல்வியின் வாயிலில் நின்ற அணியை மழை வந்து காப்பாற்றிவிடக் கூடாது அல்லவா? மூன்று நிலைகளிலும் மொத்தம் ஆடுவது 30 ஓவர்தான். சராசரிக் கணக்கு மூன்றுக்கும் 151 என்றே சொல்லும். அட்டவணையோ 188, 159, 241 என்று மூன்று விடைகள் சொல்கிறது. சிட்னி ஆட்டத்துக்கு இந்த முறையைப் பொருத்திப் பார்த்தபோது, கடைசிப் பந்தில் தென் ஆப்பிரிக்காவுக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடியது 5 ஓட்டங்கள் என்று வந்தது. ஒரு சிக்சர் அடித்தால் வெற்றி. 21-க்கும் 5-க்கும் நடுவில் ஓர் அணியின் கனவே அடங்கியிருந்தது.

முதல் எடுத்துக்காட்டில் விடை 187.75 என்று பின்னமாக வந்ததைக் கவனித்தீர்களா? 187 எடுத்தால் சமநிலை. 188 எடுத்தால் வெற்றி. இந்த ஓர் ஓட்ட வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் பாவம், தென் ஆப்பிரிக்காவே காட்டியது. 2003 மார்ச் 3, டர்பன் நகரம். தங்கள் நாட்டிலேயே நடந்த உலகக் கோப்பை. இலங்கை எடுத்தது 268. மழை நெருங்கிக்கொண்டிருந்தது. 45-ஆவது ஓவர் முடிய 229 வேண்டும் என்று கணக்குத் தாளைப் பார்த்து ஆட்டக்காரர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். முத்தையா முரளிதரன் வீசிய அந்த ஓவரின் ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்சருக்கு அடித்தார். 229 வந்துவிட்டது! வெற்றி உறுதி என்று எண்ணி, கடைசிப் பந்தை ஓட்டம் எடுக்காமல் தட்டி வைத்தார். மழை கொட்டியது. ஆட்டம் அதோடு முடிந்தது. ஆனால் 229 என்பது சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். சமநிலையில் முடிந்ததால் தென் ஆப்பிரிக்கா போட்டியிலிருந்தே வெளியேறியது. கணக்குத் தவறவில்லை, கணக்கைப் படித்தவர்கள் தவறினார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒரு முறையை உலகமே ஏற்றுக்கொண்டபின் "இதில் குறை இருக்கிறது" என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! அப்படிச் சொன்னவர் கேரளத்துத் திருச்சூரைச் சேர்ந்த வி. ஜெயதேவன். இவர் கணிதப் பேராசிரியரல்லர்; சிவில் பொறியாளர். 2002-இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' என்ற அறிவியல் இதழில் தம் முறையை விரிவாக வெளியிட்டார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் குறை சொல்வது எளிது. தம் கணக்கை வல்லுநர்கள் சோதிக்கும் இதழில் வைத்தாரே, அதுதான் அறிவியலின் வழி.

ஜெயதேவன் ஆட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒருநாள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களே, அணிகள் ஒரே சீராகவா ஓட்டம் எடுக்கின்றன? தொடக்கத்தில் சிறிது நேரம் நிலைகொள்ளப் பார்க்கிறார்கள். பிறகு, வெளிவட்டத்தில் இரண்டு பேர்தான் நிற்கலாம் என்ற கட்டுப்பாட்டைப் பயன்படுத்தி அடிக்கிறார்கள். நடுவில் நிதானம். பிறகு மெல்ல வேகம். கடைசியில் வாணவேடிக்கை. நன்கு போட்டியிட்டு நடந்த ஆட்டங்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு இந்த ஏற்ற இறக்கங்களை ஒரு வளைகோடாக அமைத்தார். தடையின்றி நடக்கும் ஆட்டத்துக்கான இயல்பான கோடு அது. ஆனால் ஓவர்கள் குறைந்துவிட்டன என்று தெரிந்து ஆடும் அணி அப்படி ஆடாது. அதன் வேகமே வேறு. ஆகவே அதற்கு 'இலக்குக் கோடு' என்று இரண்டாவது வளைகோடு ஒன்றையும் வரைந்தார். தடை வருவதற்கு முன் ஆடியதை முதல் கோட்டாலும், வந்தபின் ஆடப்போவதை இரண்டாவது கோட்டாலும் அளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் பெயரின் எழுத்துகளாலேயே இது வி.ஜே.டி. முறை எனப்படுகிறது.

2007-இல் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீகில் இம்முறை பயன்பட்டது. இந்தியாவின் உள்நாட்டுப் போட்டிகளிலும் இடம்பெற்றது. சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் 2012-இல் இதைப் பரிசீலித்தது. டக்வொர்த் லூயிஸ் முறையையே தொடர்வதென்று முடிவு செய்தது. ஜெயதேவனுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில், நத்தத்திலோ திருநெல்வேலியிலோ மழை குறுக்கிட்ட ஆட்டம் ஒன்றின் முடிவை நீங்கள் பார்த்திருந்தால், 'வி.ஜே.டி. முறைப்படி' என்ற சொற்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் திருச்சூர்ப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார் என்று இனி உங்களுக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால், இவ்விரு முறைகளில் எது சிறந்தது என்ற வாதத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எந்த அட்டவணையும் நிலையானதன்று. ஆட்டம் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும். மிகப் பெரிய ஓட்ட எண்ணிக்கைகளுக்குப் பழைய அட்டவணை பொருந்தவில்லை என்று கண்டதும், டக்வொர்த்தும் லூயிஸும் கணினியால் மட்டுமே போடக்கூடிய புதிய பதிப்பு ஒன்றை உருவாக்கினார்கள். மேலே நாம் போட்டது பழைய, கையால் போடும் கணக்கு. இருபது ஓவர் ஆட்டம் வந்தபோது இன்னொரு சிக்கல். 2010 மே 3 அன்று கயானாவில் இங்கிலாந்து 20 ஓவரில் 191 எடுத்தது. மழையால் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 6 ஓவரில் 60 என்று இலக்கு வந்தது. அதை அவர்கள் ஒரு பந்து மீதமிருக்க எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து அணித் தலைவர் காலிங்வுட் முறையையே குறை கூறினார். ஸ்டீவன் ஸ்டெர்ன் என்ற ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் 2014-இல் பொறுப்பேற்றுக் கணக்கைத் திருத்தியமைத்தார். அதன்பின் மூவர் பெயரும் சேர்ந்து டி.எல்.எஸ். முறை என்றாயிற்று. லூயிஸ் 2020-இலும் டக்வொர்த் 2024-இலும் காலமானார்கள்.

இவ்வளவு கணக்கும் எதை வைத்துப் போடப்பட்டது? ஒவ்வொரு பந்தையும் யாரோ எழுதி வைத்திருந்தார்கள், அதை வைத்துத்தான். அந்த எழுத்தர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

ஆஸ்திரேலியாவில் பில் பெர்குசன் என்ற குமாஸ்தாவுக்கு உலகம் சுற்ற ஆசை. அந்த நாட்டு அணியின் ஆட்டக்காரர் மான்டி நோபிள் பல் மருத்துவராகவும் இருந்தார். அவரிடம் பல்லைக் காட்டப் போய், அப்படியே வேலையும் கேட்டார்! 1905-இல் அணியின் மூட்டை முடிச்சுகளைக் கவனிக்கவும் ஸ்கோர் எழுதவும் அவரை அழைத்துப் போனார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதே வேலையைச் செய்தார். ஓர் ஆட்டக்காரர் பந்துகளை எந்தெந்தத் திசையில் அடித்தார் என்று வட்டத்துக்குள் கோடுகளாக வரைந்து காட்டும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறீர்களே, வண்டிச் சக்கரம் போல இருக்குமே, அதைக் கையால் முதலில் வரைந்து பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அவருடைய வழியைப் பின்பற்றி, ஒவ்வொரு பந்தையும் வரிசையாக எழுதும் முறையை மேலும் செம்மைப்படுத்தியவர் இங்கிலாந்தின் பில் பிரிண்டால். விமானப் படையை விட்டு வெளிவந்தவர், 1966 முதல் 2009-இல் இறக்கும்வரை பி.பி.சி. வானொலியின் ஸ்கோரராக இருந்தார். புத்தகங்களும் எழுதி, புள்ளிவிவரத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார்.

நம் நாட்டில் பம்பாயைச் சேர்ந்த ஆனந்த்ஜி தோசா அத்தகையவர். 1916-இல் பிறந்து 2014-இல் மறைந்தார். அகில இந்திய வானொலியின் வருணனையாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து, "இந்த மைதானத்தில் இதற்குமுன் இப்படி நடந்தது எப்போது?" என்ற கேள்விக்கு உடனே விடை எடுத்துக் கொடுப்பார். கணினி கிடையாது. எல்லாம் கையெழுத்து நோட்டுப் புத்தகங்களும் நினைவாற்றலுந்தான்.

பிறகு கணினி வந்தது. ஜான் ரைட் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த காலத்தில், சென்னையைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் கணினியோடு அணியுடன் பயணம் செய்தார். எதிரணி ஆட்டக்காரர் எந்தப் பந்துக்குத் தடுமாறுகிறார் என்பதைப் படமாகவும் எண்ணாகவும் எடுத்துக் காட்டுவது அவர் வேலை. இன்று பெரிய அணிகளில் பகுப்பாய்வாளர் இல்லாத அணி இல்லை.

இது எல்லாருக்கும் எளிதில் கிட்டிய வாழ்வன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். டக்வொர்த்துக்கு அணுமின் துறையும், லூயிஸுக்குக் கல்லூரியும், ஜெயதேவனுக்குப் பொறியியலும் சோறு போட்டன. அமெரிக்காவில் பில் ஜேம்ஸ் என்பவர், டப்பாவில் அடைத்த அவரை விற்கும் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டே பேஸ்பால் ஆட்டத்தின் எண்களை ஆராய்ந்தார். 1977-இல் அவர் சொந்தச் செலவில் வெளியிட்ட முதல் புத்தகம் சுமார் 75 படிகளே விற்றது. ஒரு தொழில்முறை அணி அவரை வேலைக்கு அமர்த்தியது 2003-இல்தான். பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற அந்த அணி, 1918-க்குப் பிறகு வெல்லாதிருந்த கோப்பையை அடுத்த ஆண்டே வென்றது. அதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் யாரும் காரணமில்லை என்று சொல்லவும் மாட்டார்கள்.

இங்கே இந்த வழியில் போக விரும்பினால் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று ஸ்கோரர் வாயில். கிரிக்கெட் வாரியமும் மாநிலச் சங்கங்களும் ஸ்கோரர்களுக்குத் தேர்வு நடத்துகின்றன. காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியும் 2018-19 பருவம் முதல் ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறது. அந்த ஆட்டங்களுக்கும் பந்துக்குப் பந்து எழுத ஆள் வேண்டுமல்லவா? மற்றொன்று புள்ளியியல் வாயில். பள்ளியில் நிகழ்தகவும் சராசரியும் திட்டவிலக்கமும் படிக்கும்போது சலித்துக்கொள்கிறீர்கள். மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் முதல் பல கல்லூரிகள்வரை இதைப் பட்டப் படிப்பாகவே சொல்லித் தருகின்றன. வெயிலில் நாள் முழுதும் உட்கார்ந்து பிழையின்றி எழுதும் பொறுமையும், எழுதியதைச் சந்தேகிக்கும் குணமும் இரண்டு வாயிலுக்கும் பொது.

தருமபுரத்து 12 ஓவர் ஆட்டத்துக்கு வருவோம். மேலே தந்த அட்டவணை அதற்கு உதவுமா? உதவாது. அது 50 ஓவர் ஆட்டங்களிலிருந்து, கைதேர்ந்த ஆட்டக்காரர்களின் கணக்கிலிருந்து பிறந்தது. உங்கள் திடலில் ஒரு பக்கம் வேலி இருக்கும். மறுபக்கம் குளம் இருக்கும். குளத்தில் விழுந்தால் அவுட் என்று ஒரு விதியும் இருக்கும். ஆகவே உங்கள் அட்டவணையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஒரு நீளமான நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓவரின் முடிவிலும் மூன்று எண்களை எழுதுங்கள்: மீதி ஓவர், போன விக்கெட், எடுத்த ஓட்டம். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த இடத்திலிருந்து கடைசிவரை அணி இன்னும் எத்தனை ஓட்டம் சேர்த்தது என்று நான்காவது எண்ணை எழுதுங்கள். 'மீதி 6 ஓவர், போனது 1 விக்கெட்' என்ற நிலை வந்த ஆட்டங்களையெல்லாம் திரட்டி, நான்காவது எண்ணின் சராசரியை எடுங்கள். 'மீதி 3 ஓவர், போனது 1 விக்கெட்' என்ற நிலைக்கும் அப்படியே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நம் கதையில் மழை கொண்டுபோனது. ஐந்தாறு ஆட்டங்களை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் ஊரில் சிக்சர் அடிக்கும் ஒருவன் ஒரு நாள் வெளுத்து வாங்கினால் சராசரியே ஆட்டங்கண்டுவிடும். ஐம்பது ஆட்டமாவது சேரட்டும். சில கட்டங்கள் காலியாகவே கிடக்கும். அவற்றுக்கு இருபுறமும் உள்ள எண்களைப் புள்ளிகளாகக் குறித்து வரைபடத் தாளில் வளைகோடு போட்டுப் பாருங்கள். டக்வொர்த்தும் ஜெயதேவனும் செய்தது இதைத்தான், ஆயிரக்கணக்கான ஓவர்களை வைத்து.

மழை வந்த ஆட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். எந்த ஓவரில் எந்தப் பந்தில் வந்தது என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். மை கரைந்துவிடும்.